அந்த 28 நாட்கள்: காணாமல்போன ஒரு பெண்ணும், 200 வருஷம் கழித்து வந்த ஒரு நாவலும்

இன்னிக்கு எடுத்துக்கிட்டது ஒரு கிரைம் நாவல். ஆனா அதுல கொலை கிடையாது, பிணம் கிடையாது. பதினைஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி ஒரு மாசம் காணாமப்போய்த் திரும்பி வர்றா. அந்த ஒரு மாசம் எங்கே இருந்தா? அவ்வளவுதான் கேள்வி. நாவலோட பேரு ‘தி ஃப்ரான்சைஸ் அஃபேர்’. எழுதினவர் ஜோசஃபின் டே. வெளிவந்தது 1948. முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போறேன். எழுபது வருஷத்துக்கு மேல ஆன புத்தகத்துக்கு ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

இந்த நாவலை நான் எடுத்ததுக்குக் காரணம், இது முழுக்கக் கற்பனை கிடையாது. 1753-ல லண்டன்ல நிஜமாவே ஒரு பெண் காணாமப்போனார். 28 நாள் கழிச்சுத் திரும்பி வந்தார். அந்த 28 நாள் அவர் எங்கே இருந்தார்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்கு நாவல் ஒரு பதில் சொல்லுது. ரொம்பத் தெளிவான பதில். எனக்குப் பிரச்சினையே அந்தத் தெளிவுதான்.

முதல்ல நிஜக் கதை.

1753, ஜனவரி 1. எலிசபெத் கேனிங், வயது 18. லண்டன் நகரத்துக்குள் ஒரு தச்சர் வீட்டில் வேலைக்காரி. அப்பா உயிரோடு இல்லை. புத்தாண்டு லீவு என்பதால் சித்தி வீட்டுக்குப் போனார். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் திரும்பக் கிளம்பினார். வீடு வந்து சேரவில்லை. அம்மா தேடினார், பேப்பரில் விளம்பரம் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரி 29 ராத்திரி கதவு தட்டும் சத்தம். எலிசபெத் நிற்கிறார். உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கிறது, காதில் காயம், தலையில் ரத்தக்கறையோடு ஒரு துணி, மேலே ஒரு பழைய படுக்கை கவுன்.

அவர் சொன்னது இது. மூர்ஃபீல்ட்ஸ் பக்கம், பெட்லம் மனநலக் காப்பகத்தின் மதிலோரம் இரண்டு ஆண்கள் மடக்கி, அடித்து, கவுனை உருவிக்கொண்டு, இழுத்துக்கொண்டு போனார்கள். விடியற்காலையில் ஏதோ ஒரு வீடு. அங்கே ஒரு கிழவி, ‘எங்கள் வழிக்கு வருகிறாயா, நல்ல துணிமணி கிடைக்கும்’ என்கிற மாதிரி கேட்டார். அதாவது பாலியல் தொழிலுக்கு. முடியாது என்றதும் கிழவி கத்தியால் எலிசபெத்தின் ஸ்டேஸை அறுத்து எடுத்துக்கொண்டார். ஸ்டேஸ் என்றால் அந்தக் காலத்துப் பெண்கள் போட்ட, விறைப்பாகத் தைத்த உள்ளாடை, கார்செட் மாதிரி. பிறகு மாடிப் பரணில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். கொஞ்சம் காய்ந்த ரொட்டி, ஒரு குடம் தண்ணீர், பாக்கெட்டில் இருந்த ஒரு பை. இதை வைத்துக்கொண்டு நாலு வாரம். கடைசியில் ஜன்னல் பலகையைப் பிடுங்கிக் குதித்து, நடந்தே வீடு வந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துறேன். தமிழ்ல இந்தக் கதையைச் சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு. வேலைக்காரப் பெண்ணை ‘அவள்’னும், பின்னாடி வரப்போற மேயரை ‘அவர்’னும் சொன்னா, சாட்சி சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நான் தீர்ப்பு எழுதிட்ட மாதிரி. அதனால நிஜ மனுஷங்க எல்லாரும் இங்கே ‘அவர்’தான். நாவல்ல வர்ற பொண்ணு மட்டும் ‘அவள்’. ஏன்னா, நாவல் அவளை அப்படித்தான் நடத்துது.

சரி, விஷயத்துக்கு வரேன். எலிசபெத் திரும்பி வந்த அன்று ராத்திரியே அக்கம்பக்கத்துக்காரர்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குக் கேள்வி. எந்தப் பக்கம் போனாய், வழியில் என்ன பார்த்தாய், வீடு எப்படி இருந்தது? என்ஃபீல்ட் வாஷ் என்ற ஊர் வழியாகத் தெரிந்த ஒருவர், ‘அப்படியானால் அது சூசன்னா வெல்ஸ் வீடாகத்தான் இருக்கும்’ என்று பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னார். லண்டனிலிருந்து பத்து மைல் தள்ளி, கொஞ்சம் பெயர் கெட்ட வீடு. வெல்ஸ் என்ற மாதிரி ஒரு பெயர் காதில் விழுந்தது என்று எலிசபெத்தும் சொன்னார். அவர் சொன்னது முன்னாடியா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முன்னாடியா? அடுத்த ஒண்ணரை வருஷம் இதுக்கு அடிச்சுக்கிட்டாங்க.

பிப்ரவரி 1-ஆம் தேதி ஒரு கும்பல் எலிசபெத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனது. அங்கே இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். எலிசபெத் ஒரு வயதான ஜிப்ஸிப் பெண்ணைக் காட்டினார். பெயர் மேரி ஸ்கொயர்ஸ். அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தால் யாருக்கும் மறக்காது. நோயால் கீழுதடு அசாதாரணமாகத் தடித்துப்போயிருந்தது. அவரே எழுந்து வந்து, என் முகத்தை நல்லா பாரும்மா, இந்த மாதிரி முகத்தை மறக்க முடியுமா, நான் அன்னிக்கு இங்கே இல்லவே இல்லை, 120 மைல் தள்ளி இருந்தேன் என்கிற பொருளில் சொன்னார். எலிசபெத் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் அந்த உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரணும் அவர் சொன்ன மாதிரி சின்ன இருட்டறையாக இல்லை. நீளமாக இருந்தது. உள்ளே வைக்கோல் இருந்தது. வைக்கோலை எலிசபெத் அதுவரை சொல்லவே இல்லை. கூட வந்தவர்களில் சிலருக்கு அப்போதே சந்தேகம் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை.

வழக்கு விசாரணைக்காகப் போனது ஹென்றி ஃபீல்டிங்கிடம். ஆமா, ‘டாம் ஜோன்ஸ்’ எழுதின அதே நாவலாசிரியர்தான். லண்டன் போ ஸ்ட்ரீட்டில் அவர் மாஜிஸ்திரேட். வெல்ஸ் வீட்டில் தங்கியிருந்த ஓர் இளம் பெண்ணை விசாரித்தார். பெயர் வர்ச்யூ ஹால். முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சிறைக்கு அனுப்பிவிடுவேன் என்று ஃபீல்டிங் மிரட்டிய பிறகு, எலிசபெத் சொன்னதை அப்படியே ஒத்துக்கொண்டார். இப்படி வாங்கிய வாக்குமூலத்துக்கு என்ன மதிப்புன்னு கிரைம் நாவல் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. நாவல் எழுதினவருக்கே அது தோணலைங்கறதுதான் ஆச்சரியம்.

பிப்ரவரி 21, ஓல்ட் பெய்லி நீதிமன்றம். மேரி ஸ்கொயர்ஸ் மீது குற்றச்சாட்டு: தாக்கி, பயமுறுத்தி, 10 ஷில்லிங் மதிப்புள்ள ஸ்டேஸைக் கொள்ளையடித்தது. கவனிங்க, ஒரு பெண்ணை நாலு வாரம் பூட்டி வெச்சதுக்காக இல்லை, உள்ளாடைக்காகத்தான் தூக்கு. அந்தக் காலத்துச் சட்டத்தில் ஆள் கடத்தலைவிடப் பொருள் கொள்ளை பெரிய குற்றம். தென்மேற்கே டார்செட் மாவட்டத்திலிருந்து, ஸ்கொயர்ஸ் ஜனவரி தொடக்கத்தில் எங்கள் பக்கம்தான் இருந்தார் என்று சொல்ல மூன்று பேர் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஜூரி நம்பவில்லை. குற்றவாளிகள் தரப்புக்குச் சாதகமாகப் பேச வந்த வேறு சிலரை வாசலில் நின்ற கூட்டம் உள்ளேயே விடவில்லை. ஸ்கொயர்ஸுக்குத் தூக்கு. வீட்டுக்காரர் வெல்ஸுக்குக் கையில் சூடு போட்டு, ஆறு மாதச் சிறை.

ஏன் இவ்வளவு சுலபமாக நம்பினார்கள்? ஒரு காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. ஜிப்ஸி என்றாலே திருடி, பிள்ளை பிடிக்கிறவர் என்ற எண்ணம். 16-ஆம் நூற்றாண்டிலேயே அவர்களை நாட்டைவிட்டு விரட்டச் சட்டம் போட்ட தேசம் அது. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படாதது: போர். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1748-ல்தான் முடிந்திருந்தது. எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கை. நம்ம ஊருக்கும் அதுல பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் பிடித்த சென்னை, அந்த உடன்படிக்கையால்தான் மறுபடி பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு வந்தது. சமாதானம் வந்ததும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களையும் மாலுமிகளையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லண்டன் தெருக்களில் வழிப்பறி பயம் ஏறியது. கொள்ளைக்காரர்கள் ஏன் பெருகிவிட்டார்கள் என்று ஃபீல்டிங்கே 1751-ல் ஒரு புத்தகம் எழுதினார். ராத்திரி, மதிலோரம், இரண்டு முரடர்கள், ஒரு வேலைக்காரப் பெண். அந்த ஊர் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த கதையைத்தான் எலிசபெத் சொன்னார்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. லண்டன் மேயர் சர் கிரிஸ்ப் கேஸ்காயின். அந்த விசாரணையில் அவரும் நீதிபதிகளோடு உட்கார்ந்திருந்தவர். சொந்தப் பொறுப்பில் டார்செட்டுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். ஸ்கொயர்ஸ் குடும்பத்தைப் பார்த்தோம் என்று அங்கிருந்து பதில் மேல் பதில். வர்ச்யூ ஹாலைக் கூப்பிட்டு மிரட்டாமல் கேட்டபோது, நான் சொன்னது பொய் என்று அழுதுவிட்டார். தூக்கு நிறுத்தப்பட்டு, ஸ்கொயர்ஸுக்கு மன்னிப்பு கிடைத்தது. மேயருக்கு என்ன கிடைத்தது? தெருவில் அவர் வண்டியைக் கல்லால் அடித்தார்கள். அடுத்த வருஷத் தேர்தலில் தோற்றார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. எலிசபெத் கட்சிக்குக் ‘கேனிங்கைட்ஸ்’ என்று பெயர். எதிர்க்கட்சிக்கு ‘எகிப்தியர்கள்’. ஜிப்ஸிகள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று அப்போது நினைத்ததால் வந்த பட்டம். காபிக் கடைகளில் எலிசபெத்துக்காக நிதி திரட்டினார்கள். ஃபீல்டிங் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார், அதற்குப் பதிலாக ஜான் ஹில் என்பவர் இன்னொன்று, ஓவியர் ஆலன் ராம்சே ஒன்று. ஒன்பது வருஷம் கழித்துப் பிரான்ஸில் வால்டேர்கூட இதைப் பற்றி எழுதினார். ட்விட்டர் மட்டும்தான் இல்லை.

1754 வசந்தத்தில் இப்போது எலிசபெத் குற்றவாளிக் கூண்டில். பொய்ச் சாட்சி வழக்கு. ஸ்கொயர்ஸ் டார்செட்டில் இருந்தார் என்று ஒரு பெரிய கூட்டம் சத்தியம் பண்ணியது. இல்லை, என்ஃபீல்டில்தான் இருந்தார், கண்ணால் பார்த்தோம் என்று இன்னொரு கூட்டமும் சத்தியம் பண்ணியது. இரண்டு பக்கமும் ஏழை எளியவர்கள், பெரும்பாலும் பொய் சொல்லக் காரணமில்லாதவர்கள். இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விவரம் வருது. 1752 செப்டம்பர்ல இங்கிலாந்து காலண்டரை மாத்தினாங்க. செப்டம்பர் 2-ஆம் தேதி ராத்திரி தூங்கினவங்க மறுநாள் காலையில எழுந்தது 14-ஆம் தேதி. பதினோரு நாள் காணோம். மூணே மாசத்துல கிறிஸ்துமஸ். புதுக் கிறிஸ்துமஸ் ஒண்ணு, பழைய கிறிஸ்துமஸ் ஒண்ணு. நம்ம ஊர்ல வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமான்னு சனிப்பெயர்ச்சிக்கு வர்ற குழப்பம் மாதிரி. ‘கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஒரு வாரத்துல அந்தப் பாட்டியைப் பார்த்தேன்’னு ஒரு கிராமத்து ஆள் சொன்னா, அது எந்தக் கிறிஸ்துமஸ்? எழுதப் படிக்கத் தெரியாதவங்க ஞாபகத்தை நம்பி ஓர் உயிரையோ ஒரு வாழ்க்கையையோ நிறுக்கணும். தராசுல பதினோரு நாள் ஓட்டை.

ஜூரி உள்ளே போய்த் திரும்பி வந்து ஒரு தீர்ப்பு சொன்னது. ‘பொய்ச் சாட்சி சொன்னது உண்மை, ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.’ நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இப்படி ஒரு தீர்ப்பே சட்டத்தில் கிடையாது, ஒன்று குற்றவாளி என்று சொல்லுங்கள், இல்லை நிரபராதி என்று சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. மறுபடி போய் ‘குற்றவாளி’ என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கருணை காட்டும்படி ஒரு வேண்டுகோளோடு. ஒரு மாதச் சிறை, ஏழு வருஷம் நாடுகடத்தல்.

அந்த முதல் தீர்ப்புதான் இந்த மொத்தக் கதையிலயும் புத்திசாலித்தனமான வாக்கியம்னு நான் நினைக்கிறேன். யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒண்ணு நடந்திருக்கு. பட்டினி கிடந்த உடம்பு பொய் சொல்லாது. ஆனா நடந்தது அந்த வீட்டுலதானா, செஞ்சது அந்தக் கிழவிதானாங்கறது வேற கேள்வி. குளிர்ல, பயத்துல, தலையில அடிபட்டு, வீடு திரும்பின ராத்திரியிலயே பத்துப் பேர் சூழ்ந்துக்கிட்டு, ‘அந்த வீடாத்தான் இருக்கும், இல்ல?’ன்னு கேட்டா? சின்ன வயசுல தலைமேல கூரை இடிஞ்சு விழுந்ததிலேர்ந்து அவருக்கு அடிக்கடி வலிப்பு மாதிரி வருமாம். அவர் சொன்னதை அவரே முழுசா நம்பியிருக்கலாம். எலிசபெத்தும் நிஜம், மேரி ஸ்கொயர்ஸும் நிஜம், அடையாளம் காட்டினது மட்டும் தப்பு. இதுதான் அந்த ஜூரி சொல்ல வந்தது. சட்டத்துல அதுக்குக் கட்டம் இல்லை.

வேற ஊகங்களும் உண்டு. கர்ப்பத்தை மறைக்கப் போனார், காதலனோடு இருந்தார், ஞாபக மறதி, இப்படி. ஆர்தர் மேக்கன் 1925-ல் இதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். 1945-ல் லிலியன் டி லா டோர் என்ற அமெரிக்க எழுத்தாளர் இன்னொன்று. ஒன்றும் நிரூபணமாகவில்லை.

இப்போ 1948-க்கு வருவோம். ஜோசஃபின் டே என்பது புனைபெயர். நிஜப் பெயர் எலிசபெத் மெக்கின்டோஷ், ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் ஊர்க்காரர். தன்னைப் பற்றி வெளியே எதுவும் சொல்லாதவர். வரலாற்றுப் புதிர்கள் மேல் அவருக்கு ஒரு கிறுக்கு. மூன்றாம் ரிச்சர்டு மன்னன் கொலைகாரன் இல்லை என்று வாதாட 1951-ல் ஒரு துப்பறியும் நாவலே எழுதினார், ‘தி டாட்டர் ஆஃப் டைம்’. கேனிங் வழக்கை எடுத்துத் தன் காலத்துக்கு மாற்றிப் போட்டதுதான் ‘தி ஃப்ரான்சைஸ் அஃபேர்’.

மில்ஃபோர்ட் என்ற தூங்குமூஞ்சி ஊர். ஊருக்கு வெளியே, உயர்ந்த மதில் சுவருக்குப் பின்னால் ‘ஃப்ரான்சைஸ்’ என்ற வீடு. அதில் நாற்பது வயது மேரியன் ஷார்ப்பும் அவர் அம்மாவும். கௌரவமான குடும்பம், கையில் காசு இல்லை. ஒருநாள் போலீஸ் வருகிறது, கூடவே பெட்டி கேன் என்ற பள்ளிக்கூடப் பெண். (தமிழ்ல எழுதினா பாத்திரக் கடைச் சாமான் மாதிரி இருக்கு, என்ன பண்றது.) இந்த ரெண்டு பொம்பளைங்களும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், ஒரு மாதம் மாடியில் பூட்டி வைத்து, அடித்தார்கள் என்கிறாள். எதற்கு? வீட்டு வேலை செய்யச் சொல்லி!

இந்த ஒரு மாற்றத்துல இருக்கு முழு 1948-உம். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு பெண்ணை எதுக்குக் கடத்துவாங்கன்னு கேட்டா லண்டன் சொன்ன பதில் பாலியல் தொழில். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச இங்கிலாந்து சொல்ற பதில், பாத்திரம் கழுவ ஆள் வேணும். சிரிப்பு வரும், ஆனா அந்தக் காலத்து வாசகர்களுக்கு அது நம்பக்கூடியதா இருந்தது. போருக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்தார்கள். 1941 டிசம்பரில் அரசு பெண்களையும் கட்டாயமாகப் போர்ப்பணிக்கு அழைக்கச் சட்டம் கொண்டுவந்தது. தொழிற்சாலை, ராணுவத் துணைப்படை என்று போனவர்கள், சொந்தச் சம்பளத்தையும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் ருசி பார்த்தவர்கள், மறுபடி யார் வீட்டு அடுப்படிக்கும் திரும்பத் தயாராக இல்லை. நம்ம அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்ல ‘வேலைக்கு ஆளே கிடைக்கலை’ன்னு புலம்புறாங்களே, அதை ஒரு நாட்டோட நடுத்தர வர்க்கமே சேர்ந்து புலம்பினதா நினைச்சுக்கோங்க.

அதோடு ரேஷன். போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946-ல் ரேஷனுக்கு வந்தது. இறைச்சிக்கு ரேஷன் தீர்ந்தது 1954-ல்தான். சர்ச்சிலைத் தோற்கடித்து லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தாயிற்று. ‘இனிமே நம்ம காலம் இல்லை’ என்று பழைய வீடுகள் முணுமுணுத்த நேரம். அந்த முணுமுணுப்பு நாவல் முழுக்கக் கேட்கும். பெண்ணின் கதையை எடுத்துப் பெரிதாக்குவது ‘ஆக்-எம்மா’ என்ற மலிவுப் பத்திரிகை. ஏழைகள் பக்கம் நிற்பதாகக் காட்டிக்கொள்ளும் பிஷப் ஒருவரை டே கிழி கிழியென்று கிழிக்கிறார். ஊர் சனங்கள் மதிலில் எழுதுகிறார்கள், ஜன்னலை உடைக்கிறார்கள், கடைசியில் வீட்டுக்கே தீ வைத்துவிடுகிறார்கள். அந்தப் பகுதிகளைப் படிக்கும்போது நிஜமாவே பயமா இருந்தது. ஒரு பத்திரிகைச் செய்தி எப்படிக் கல்லா மாறுதுங்கறதை இவ்வளவு அமைதியா எழுதினவங்க குறைவு.

பெட்டி யார்? லண்டன் குழந்தை. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள், தாய்மார்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 15 லட்சம் பேர். அந்த வெளியேற்றத்தின் குழந்தை இவள். அப்பா அம்மா விமானத் தாக்குதலில் செத்துப்போனார்கள். தங்கவைத்த குடும்பமே தத்தெடுத்துக்கொண்டது. அந்த வீட்டு அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. தன் இடம் போய்விட்டது என்ற கோபம். ஒரு ஹோட்டலில் அறிமுகமான கல்யாணமான ஆளோடு கோபன்ஹேகன் போய்விடுகிறாள். அந்த ஆளின் மனைவி கண்டுபிடித்து அடித்து விரட்டுகிறாள். உடம்பில் இருந்த காயம் அதுதான். திரும்பி வந்தவளுக்கு ஒரு கதை தேவை. டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியிலிருந்து மதிலுக்கு மேலே ஒருமுறை பார்த்த வீடு ஞாபகம் வருகிறது. வழக்கறிஞர் ராபர்ட் பிளேர் இதையெல்லாம் கண்டுபிடிக்க, கோர்ட்டில் அவள் பொய் கிழிகிறது. சுபம்.

புத்தகமா பார்த்தா அருமையான வேலை. அந்த பஸ் மாடி க்ளூ ஒண்ணுக்காகவே படிக்கலாம். ஆனா வரலாற்றையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா வேற ஒண்ணு தெரியுது. டே ரெண்டு காரியம் பண்ணியிருக்கார். முதல் காரியம், மேரி ஸ்கொயர்ஸை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு கௌரவமான குடும்பத்தை வெச்சார். முழுசா எடுக்க முடியலை. மேரியன் ஷார்ப்பைக் கறுத்த, ஜிப்ஸிச் சாயல் உள்ள, பளிச்சுனு பட்டுக் கைக்குட்டை கட்டுறவராத்தான் வர்ணிக்கிறார். ஜிப்ஸி போய் அவரோட நிறம் மட்டும் மிச்சம். வர்ச்யூ ஹாலும் இருக்கார், ரோஸ் கிளின்ங்கற வேலைக்காரப் பெண்ணா. பொய்ச் சாட்சி சொல்றவர் மறுபடியும் ஏழைதான்.

ரெண்டாவது காரியம் பெரிசு. எலிசபெத் கேனிங்கோட கேள்விக்குறியை எடுத்துட்டு முற்றுப்புள்ளி வெச்சுட்டார். பெட்டிக்கு ஒரு பக்கம்கூட நியாயம் கிடையாது. குழந்தையிலேயே அனாதை, பதினைஞ்சு வயசு, நடு வயசு ஆள் ஒருத்தன் வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். இன்னிக்குப் படிக்கிறவங்க முதல்ல கேக்கிறது, அந்த ஆளைக் கைது பண்ணினாங்களாங்கறதுதான். நாவலுக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. அவள் கண்ணோட நீலநிறத்தைப் பார்த்தே குணம் கெட்டவள்னு பாத்திரங்கள் முடிவு பண்ணுது. ரத்தம் அப்படி, செத்துப்போன அம்மா அப்படின்னு சொல்லிட்டு நகருது. ஒரு இடத்துலயும் அவள் மனசுக்குள்ள கதை போகாது. இது என்னை மட்டும் உறுத்தின விஷயம் இல்லை. நாவலாசிரியர் சாரா வாட்டர்ஸ் இந்தப் புத்தகத்தை வேற மாதிரி திருப்பி எழுதணும்னு கிளம்பித்தான் 2009-ல ‘தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்’ங்கற நாவலுக்குப் போய்ச் சேர்ந்தார். அதுலயும் போருக்குப் பிறகு இடிஞ்சுக்கிட்டிருக்கிற ஒரு பெரிய வீடு, ஒரு வேலைக்காரப் பெண்.

டே மேல எனக்குக் கோபம்னு நினைக்காதீங்க. பொய்க் குற்றச்சாட்டு ஒரு வீட்டை எப்படி எரிக்கும்ங்கறது நிஜமான விஷயம், மேரி ஸ்கொயர்ஸ் அதுக்குத் தூக்குமரம் வரைக்கும் போனவர். ஆனா, ஸ்கொயர்ஸை நிரபராதின்னு காட்ட எலிசபெத்தைக் கெட்டவளாக்கியே ஆகணுமா? 1753-ல கேனிங்கைட்ஸ் கிழவியைத் தூக்குல போடச் சொன்னாங்க. எகிப்தியர்கள் பெண்ணை நாடுகடத்தச் சொன்னாங்க. 1948-ல நாவல் அதே மாதிரி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்குது. அந்த ஜூரி முதல்ல எழுதின விசித்திரமான தீர்ப்பை மட்டும் யாரும் கையில எடுக்கலை. அது கதைக்கு உதவாது. வில்லன் இல்லாம கிரைம் நாவல் எப்படி முடியும்?

நிஜ எலிசபெத்துக்கு என்ன ஆச்சு? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வெதர்ஸ்ஃபீல்ட் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே எலிஷா வில்லியம்ஸ் என்ற மதபோதகர் குடும்பத்தோடு இருந்தார். 1756-ல் ஜான் ட்ரீட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். 1773-ல் இறந்தார். லண்டனில் தான் சொன்ன கதையை அவர் கடைசிவரை மாற்றிச் சொன்னதாகப் பதிவு இல்லை.

ஓல்ட் பெய்லி வழக்குப் பதிவுகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. 1753 பிப்ரவரி விசாரணைன்னு தேடினா மேரி ஸ்கொயர்ஸ் வழக்கு வரும். நாவல் படிக்க நேரம் இல்லைன்னா அதையாவது படிங்க. தண்டனை சொல்றதுக்கு முன்னாடி, ஏதாவது சொல்லணுமான்னு கேக்கிறாங்க. அந்தப் பாட்டி வாதாடலை, அழலை. புத்தாண்டு அன்னிக்கு கூம்ப்ல ஒரு விதவை வீட்டுல படுத்தேன், மறுநாள் இந்த ஊர், அதுக்கு மறுநாள் அந்த ஊர்னு ராத்திரி ராத்திரியா எண்ணிச் சொல்றார். அவர் சொன்ன புத்தாண்டு பழைய காலண்டர்ப்படின்னு வெச்சுக்கிட்டாத்தான் டார்செட் சாட்சிகள் சொன்ன தேதியோட அது கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. அன்னிக்கு கோர்ட்டுல யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலை.